மன்னியின் கறுப்புப் பாவாடை

இடுப்பில் ஜிப் கிடையாது. உள்பாவாடைக்குப் போடுகிற மாதிரி வெள்ளை நாடா. கணுக்கால் வரை சுருக்கம் சுருக்கமாகக் கறுப்புப் பட்டு. விளிம்பில் நாலு விரற்கடை அகலத்துக்குச் சிவப்புக் கரையை உள்பக்கமாக மடித்துத் தைத்திருக்கும். சும்மா நின்றால் அது தெரியாது, நடந்தால் ஒரு விநாடி ஜரிகை பளிச்சென்று தெரிந்து மறையும். மன்னியின் இரும்பு பீரோவில் பதினாலு வருஷமாக அந்தப் பாவாடை தொங்குகிறது. போன மாதம், ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மட்டாஞ்சேரி வீட்டு மாடிப்படி ஏறிப்போய், அந்த பீரோ முன்னால் மூச்சு வாங்க நின்று, "மன்னி, என் வளைகாப்புக்கு இதைத் தருவியா?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் காதிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பாவாடையின் கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

மன்னி என்றால் என் அண்ணாவின் மனைவி. திருப்பூணித்துறைப் பெண். நான் பதினோரு வயசுப் பொடிசாக இருந்தபோது கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற குறுகிய தெருவில் எங்கள் வீடு. மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசிக்கொண்டு, மலையாளத்தில் படித்துக்கொண்டு, சண்டை வந்தால் இரண்டையும் கலந்து கத்திக்கொண்டு வாழ்கிற குடும்பம். அப்பா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அம்மா, அண்ணா, மன்னி, நான், நாலே பேர். வந்த முதல் வாரத்திலேயே மன்னி எதிர்க் கிடங்கு வாசலில் நின்று, சுக்குக்கு எதற்குச் சுண்ணாம்பு பூசுகிறீர்கள் என்று சுமைக்காரச் சேட்டனிடம் விசாரித்தாள். புதுப்பெண் இப்படித் தெருவில் நின்று பேசலாமா என்று அம்மாவுக்குப் பகீரென்றது. மன்னிக்கு அப்படி ஒரு சுபாவம். மாத்திரை அட்டையில் பொடியாக அச்சடித்திருப்பதைக் கடைசி வரி வரை படிப்பாள். பஸ் ஏன் இந்த வழியாகப் போகிறது என்று கண்டக்டரிடம் கேட்பாள். "எதுக்காக்கும் இது?" என்பது அவள் வாயில் சாயா குடிக்கிற நேரம் தவிர எல்லா நேரமும் இருக்கும்.

இத்தனை கேள்வி கேட்கிறவளிடம் ஊரே ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது. "விசேஷம் உண்டோ?" கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் விசேஷம் இல்லை. எர்ணாகுளத்தில் இரண்டு ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட ஒரு முடிவு கிடைத்திருக்கும். அம்மா வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவள் அலமாரியின் அடித்தட்டில், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, ஒரு கறுப்புப் பட்டுப்புடவை இருந்தது. எங்கள் வழக்கத்தில் நல்ல நாள் எதற்கும் கறுப்பு கூடாது. பிறந்தநாளைக்குக் கறுப்புப் பொட்டு வைத்தாலே திட்டு விழும். ஒரே ஒரு விசேஷத்துக்கு மட்டும் கறுப்புதான் கட்ட வேண்டும். அது முதல் குழந்தையைச் சுமக்கிறவளின் வளைகாப்பு. மசக்கைப் புடவை என்று அதற்குப் பெயர். அம்மாவுக்கு அவள் அம்மா வாங்கித் தந்தது, அண்ணா வயிற்றில் இருந்தபோது கட்டியது. அடுத்து மன்னிக்கு என்று வைத்திருந்தாள். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பட்டுப்புடவைகளை எல்லாம் மொட்டை மாடியில் நிழலில் காயப் போட்டு, ஜரிகை ஒடியாமல் இருக்க மடிப்பை மாற்றி வைப்பாள். அந்தக் கறுப்புப் புடவையின் முறை வரும்போது மன்னி ஏதாவது வேலை இருப்பதுபோலக் கீழே இறங்கிப் போய்விடுவாள். நான் அதைக் கவனித்திருக்கிறேன். கவனித்ததோடு சரி.

இந்த நிலையில்தான், கல்லூரி முதல் வருஷத்தில், எனக்குக் கோதிக் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டர் லேபில் ஒரு சிநேகிதி காட்டிய படங்களில் ஆரம்பித்தது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தி, கண்ணைச் சுற்றி மையை அப்பி, கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து, ஒருத்தரைப் பார்த்தும் சிரிக்காமல் நிற்கிற பெண்கள். எனக்கு அந்தச் சிரிக்காமல் இருப்பது ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் பல்லைக் காட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் டிபார்ட்மெண்டில் உடை அலங்காரப் போட்டி இருந்தது. அதில் நான் கோதிக்காக வரப்போகிறேன் என்று பேர் கொடுத்துவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்று யாரோ எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படங்களோடு பிரிண்ட் எடுத்தேன். ஆறே பக்கம். என் மெஷினில் இருந்த கறுப்பு மை முழுக்க உன் ஆறு பக்கத்திலேயே போய்விட்டது என்று கடைக்காரச் சேட்டன் முறைத்தார். ஈரம் காயாத அந்தக் காகிதங்களைப் புத்தகத்துக்குள் ஒளித்துக்கொண்டு வந்து, அன்றே மன்னியிடம் மாட்டிக்கொண்டேன்.

அவள் திட்டவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுச் சமையலறைப் படியிலேயே உட்கார்ந்து, ஆறு பக்கத்தையும் மாத்திரை அட்டையைப் படிப்பதுபோலப் படித்தாள். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. "இவா ஆத்துல யாராவது தவறிப் போயிட்டாளா, குட்டி?" இல்லை மன்னி, இது ஒரு ஃபேஷன். "அப்போ துக்கம் இல்லாமலே துக்க டிரெஸ்ஸா? எதுக்காக்கும் அது?" எனக்குத் தெரியவில்லை. "முகம் வெளுப்பா இருக்கணும்னு போட்டிருக்கே, நம்ம நிறத்துக்கு என்ன பண்றது?" அதுவும் தெரியவில்லை. அன்று மத்தியானம் பவுடரை அப்பிப் பார்த்தோம். கோலமாவு டப்பாவில் முகம் குப்புற விழுந்தவளைப் போல இருந்தேன். மன்னி சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, "வெளுப்பு வேண்டாம், போறும். நமக்குத்தான் பகவான் கறுப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே தந்துட்டாரே" என்று முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஒரு போட்டி, அவ்வளவுதான். அவளுக்கோ அது பெரிய ஆராய்ச்சி ஆகிவிட்டது. நான் மறந்துபோன குறிப்பையெல்லாம் அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

முதலில் கறுப்புத் துணி வேண்டும். கறுப்பில் இத்தனை கறுப்பு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவின் கறுப்புக் குடை வெயிலில் நீலம் அடித்தது. என் பழைய துப்பட்டா பக்கத்தில் வைத்தால் பச்சை. அண்ணாவின் பேண்ட் பழுப்பாகிவிட்டிருந்தது. தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, எது நிஜக் கறுப்பு என்று நானும் மன்னியும் ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினோம். எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. அப்போது கார்த்திகை மாசம் பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்காகக் கடைத்தெரு முழுக்கக் கறுப்பு வேட்டி மலைபோலக் குவிந்திருக்கிற சமயம். நாலு வேட்டி எடுத்தால் ஒரு பாவாடை, ஒரு சட்டை, மீதிக்கு ஒரு சால்வை என்று மன்னி கணக்குப் போட்டுக் கொடுக்க, நான் மட்டும் போய்க் கேட்டேன். எங்களைத் தெரிந்த கடைக்காரர். துணியைக் கண்ணில் ஒற்றி எடுத்து, "ஆர்க்கா மோளே, ஏட்டன் மாலயிடுன்னுண்டோ?" என்று பிரியமாகக் கேட்டார். ஃபேஷனுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆமாம், அண்ணாவுக்குத்தான் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் ஒரு துளசி மாலையையும் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. கடைக்காரர் கிடங்குக்காரரிடம் சொல்ல, கிடங்குக்காரர் வாசலில் நின்ற அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உள்ளே நுழைந்தால் அம்மா பூஜை அறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறாள், கண் ரெண்டும் கலங்கி இருக்கிறது. "அவன் வாயைத் திறந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா? தனக்குள்ளயே வேண்டிண்டிருக்கான், கேட்டியா. இந்த வருஷம் சாமி கண்ணைத் திறந்துடுவார்" என்றாள். சாயங்காலம் ஒன்றும் அறியாமல் வந்த அண்ணாவின் கையில் துளசி மாலை. அவன் என்னைப் பார்த்தான், மன்னியைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "சரி, நாற்பத்தொரு நாள்தானே" என்றான். என் அண்ணா அப்படிப்பட்டவன். ஆக நான் வாங்கிவந்த நாலு வேட்டியும் அவன் இடுப்புக்குப் போய்விட்டன. என் ஒரு தலையாட்டலில் ஒரு மனுஷன் செருப்பில்லாமல் விரதம் இருக்கும்படி ஆகிவிட்டது.

வேட்டி போனதைவிட மோசமான விஷயம் வேறு. அண்ணா குழந்தைக்காகத்தான் மாலை போட்டிருக்கிறான் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை மாசத்துக்கு ஒருமுறை கேட்டவர்கள் தினமும் கேட்க ஆரம்பித்தார்கள். காய்கறிக்காரி மன்னியின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கொசுறாக மாங்காய் போட்டாள். மன்னி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் கூடத்தில் தனியாகப் பாயை விரித்துப் படுத்திருக்கிற அண்ணாவைக் காட்டி, "குழந்தை வேணும்னு வேண்டிண்டு நாற்பத்தொரு நாள் தனியாப் படுத்துக்கறார். இது என்ன ஏற்பாடு குட்டி?" என்று என் காதில் கேட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்தும் அவள் முகம் பழைய இடத்துக்கு வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாரம் முழுக்க நான் கவலைப்பட்டது துணியைப் பற்றித்தான். பதினேழு வயசின் லட்சணம் அது, வேறென்ன சொல்ல.

அம்மா பஜனைக்குப் போன ஒரு மத்தியானம், மன்னி என் அறைக்கு வந்து கட்டில்மேல் ஒரு வெள்ளை வேட்டி மூட்டையை வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். கறுப்பு. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. நாங்கள் தேடின நிஜக் கறுப்பு அதுதான். எனக்கு அது என்ன புடவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். "மன்னி, இது உன்னோடது" என்றேன். "எப்போலேர்ந்து?" என்றாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் என் விரல் அந்தப் பட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். நான் வெட்டாமல் மடிப்பையே நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் தானே வாங்கிக்கொண்டாள். வெட்டியது ஒரே வெட்டுதான். முந்தானையை மட்டும் தனியாகப் பிரித்தாள். மீதி ஐந்து கெஜத்தையும் அப்படியே சுற்றுக்கு வைத்து, அம்மாவின் தையல் மெஷினில் ஓட்டினாள். ஜிப் வைக்க இரண்டு பேருக்கும் தெரியாது, அதனால் நாடா. கோதிக்கில் பொன்நிறம் கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்ததால் கரையை உள்பக்கம் மடித்தாள். முந்தானையைப் பழையபடி வேட்டியில் சுற்றி, பெரிசாகத் தெரிய நடுவில் ஒரு துண்டையும் வைத்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். அம்மா பொங்கலுக்கு முன்னால் அதைப் பிரிப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "நான் சொல்லிக்கறேன்" என்றாள் மன்னி.

மற்றதெல்லாம் சுலபமாகச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் உடைந்த குடை இல்லாத வீடு கிடையாது. மூன்று குடைகளைப் பிரித்தோம். அந்தத் துணியில் தோளுக்கு ஒரு மேலங்கி. இடுப்பை இறுக்கிக் கட்டுகிற கச்சை மாதிரி ஒன்று படத்தில் இருந்தது, அதற்குள் வைத்துத் தைக்கக் குடைக் கம்பிகள். உட்கார்ந்தால் விலாவில் குத்தும். "இதனாலதான் இவா ஒருத்தியும் சிரிக்கலை" என்று மன்னி கண்டுபிடித்தாள். கழுத்துக்கு என் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ரிப்பன். வெள்ளிச் சங்கிலிக்கு மன்னியின் கல்யாணக் கொலுசு இரண்டையும் கோத்து இடுப்பில். கறுப்பு லிப்ஸ்டிக் மட்டாஞ்சேரியில் எந்தக் கடையிலும் இல்லை, இருந்த மெரூனில் வீட்டு விளக்கில் பிடித்த கண்மையைக் குழைத்தோம். கனத்த பூட்ஸுக்கு அண்ணா காலேஜில் என்.சி.சி.க்குப் போட்டிருந்தது மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. என் காலுக்கு முன்னால் பேப்பர் அடைக்க வேண்டியிருந்தது. மன்னிக்கு அச்சாகப் பொருந்தியது. அவள் கால் பெரிசு என்று கல்யாணத்தில் எல்லோரும் கேலி பண்ணியது எனக்கு ஞாபகம் வந்தது.

நீளம் சரியா என்று பார்க்கத்தான் அவள் முதலில் போட்டுக்கொண்டாள். நான் குந்தி உட்கார்ந்து விளிம்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கண்ணாடிக்குள் யாரோ நிற்கிறாள். ஆறு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் இல்லை என்று மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்த என் மன்னி இல்லை அது. நெடுநெடுவென்று, சிரிக்காமல், அடுத்தவர் என்ன நினைப்பார்களோ என்ற யோசனையே இல்லாமல் ஒருத்தி. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. குண்டூசியை எடு, கழற்றித் தரேன் என்பாள் என்று காத்திருந்தேன். "ஒரு நடை போயிட்டு வருவமா, குட்டி?" என்றாள்.

கடைவீதி வழியாகப் படகு ஜெட்டி வரை போனோம், திரும்பி வந்தோம். அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான் இன்றைக்கும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. சுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு போன சேட்டன் மூட்டையோடு நின்றுவிட்டார். வளையல் கடைக்காரி, "எந்தா மோளே, ஷூட்டிங் ஆணோ?" என்றாள். சர்ச்சிலேயா, நாடகத்திலேயா, டிவியிலேயா என்று ஆளுக்கொரு கேள்வி. வெயிலுக்குத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று, மன்னியின் கச்சையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே என்ன என்று சைகையில் விசாரித்தாள். மன்னி, பக்கத்தில் போன ஒருவர் கையிலிருந்த குடையைக் காட்டி விளக்கினாள். தன் ஆபீஸ் வாசலில் அண்ணா கறுப்பு வேட்டியும் மாலையும் தாடியுமாக, வெறுங்காலோடு, கட்டன் சாயா குடித்துக்கொண்டு நின்றான். விரதத்தில் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவான். மன்னியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாமி, அது என் பூட்ஸ் ஆச்சே" என்றான். பிறகு ஒரு வாய் சாயா குடித்துவிட்டு, "கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு" என்றான். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே கறுப்பில் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெட்டியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் மன்னி மெதுவாகச் சொன்னாள். "பாத்தியா? இன்னிக்கு இத்தனை பேர் இத்தனை கேட்டா. ஒருத்தர்கூட அதைக் கேக்கலை." கரைக்கு வருகிற படகைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் போட்டிக்கு நான் போட்டுக்கொண்டு போனேன்; எல்லாமே குடைத் துணி என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். கை தட்டினார்கள், பரிசு கிடைக்கவில்லை. பூட்ஸில் அடைத்த பேப்பர் மேடையிலேயே வெளியே வந்துவிட்டது. படத்தில் இருந்த எல்லாமே என் மேலும் இருந்தது, ஆனாலும் கடன் வாங்கிக் கட்டின மாதிரியேதான் இருந்தேன். திரும்பி வந்ததும் பாவாடையை மன்னியின் பீரோவில் கொண்டுபோய் மாட்டி வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் காரணம் கேட்காமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணா மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றினான். பொங்கல் நெருங்கியது. மன்னி அம்மாவிடம் இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. புடவைகளைக் காயப் போடுகிற நாளும் வந்துவிட்டது. மொட்டை மாடியில் கொடி கொடியாகப் பட்டு. அம்மா கடைசியாக அந்த வேட்டி மூட்டையைப் பிரித்தாள். உள்ளே முந்தானையும் ஒரு குளியல் துண்டும். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மீதிப் புடவை எங்கே?" என்று என்னைக் கேட்டாள். அப்போது மாடிப்படியில் டொக் டொக்கென்று பூட்ஸ் சத்தம். மன்னி கச்சை, மேலங்கி, ரிப்பன், கொலுசுச் சங்கிலி எல்லாவற்றோடும் வந்து நின்றாள். எந்த வருஷமும் அந்தப் புடவையின் முறை வரும்போது கீழே இறங்கிப் போகிறவள், அன்றைக்கு மேலே ஏறி வந்தாள். "நான் கட்டிண்டிருக்கேன், அம்மா" என்றாள்.

அம்மா எழுந்துபோய் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தாள். பாவாடையின் விளிம்பைத் திருப்பினாள். சிவப்புக் கரையைப் பார்த்ததும் கட்டைவிரலால் ஒரு தடவை நீவினாள். "கரையைப் போய் மறைச்சுட்டியே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "உனக்கு வேண்டாம்னு ஆயிடுத்தா?" மன்னி நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "வேணும்னுதான் ஆறு வருஷம் காத்துண்டிருந்தேன். இனிமேலும் காத்துண்டிருக்க எனக்கு முடியலை, அம்மா. புடவையாவது கட்டிண்டுடலாம்னு தோணித்து." அம்மா முந்தானையை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். அதற்கப்புறம் நாலு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, காய் நறுக்கும்போது, என்னைப் பார்க்காமலே, "என் அம்மா எனக்கு வாங்கித் தந்ததுடி அது" என்றாள். அவளுடைய அம்மாவின் கையால் வந்த கடைசிப் புடவை அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்த நாலு நாளில் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

பொங்கலன்று பள்ளுருத்தியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. செருப்பைக் கழற்றும்போதே அந்தக் கேள்வியைக் கேட்கிறவள். அன்றைக்கும் ஒரு காலில் செருப்போடு மன்னியைப் பார்த்து, "என்ன, மாலையும் போட்டாச்சு, மலைக்கும் போயாச்சு. விசேஷம் உண்டோ?" என்றாள். மன்னி வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்தாள். அதற்குள் அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "அக்கா, அந்தக் கறுப்புப் புடவை இப்போ நம்மாத்துல கிடையாது. அதை வெட்டிப் பாவாடை தச்சாச்சு. அதனால இந்தக் கேள்வியும் இனிமே நம்மாத்துல வேண்டாம்." அம்மா அதே மூச்சில், "உள்ள வாங்கோ. பாயசத்துக்கு நெய் போறுமான்னு நீங்க பாத்துச் சொல்லணும்" என்றாள். மன்னி பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நானும் கூடப் போய் நின்று அழுதேன். அதற்கப்புறம் அத்தை எங்கள் வீட்டில் வெண்டைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினாள்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மன்னி அடுத்த வருஷமே வைட்டிலாவில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் போகிறாள், இன்றைக்கும் கண்டக்டரிடம் கேள்வி கேட்கிறாள். வருஷா வருஷம் தன் பிறந்தநாளன்று அந்தப் பாவாடையையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு அண்ணாவோடு ஜெட்டி வரை நடந்துவிட்டு வருவாள். அம்மாவும் வருஷா வருஷம் அந்த முந்தானையைக் காயப் போட்டு மடிப்பை மாற்றுகிறாள். கரையைப் பற்றிய முணுமுணுப்பை மட்டும் விடவில்லை. "நல்ல ஜரிகை. உள்ள தள்ளி வெச்சிருக்கா பாரு."

இனி அந்தப் பதில். போன மாதம் பீரோ முன்னால் நின்று நான் கேட்டபோது, அவளுக்குக் கண் நிறைந்துவிடும், எடுத்து என் கையில் வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நாடா இருப்பதால் என் ஏழு மாத வயிற்றுக்குக்கூடச் சரியாக வரும் என்று வேறு கணக்குப் போட்டிருந்தேன். மன்னி பாவாடையைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், பீரோ கதவை மெதுவாகச் சாத்தினாள். "தரமாட்டேன், குட்டி. கோவிச்சுக்காதே. அது என்னோடதாக்கும்" என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. படி இறங்கும்போது பதினேழு வயசில் நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது 'வேண்டாம்' ஞாபகம் வந்தது. பாதிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். மறுநாள் அவளே எர்ணாகுளம் போய் எனக்கு ஒரு புதுக் கறுப்புப் பட்டு வாங்கி வந்தாள். மூன்று கடையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாளாம், நிஜக் கறுப்புதானா என்று.

வளைகாப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. வாசலில் கிடந்த செருப்புக் குவியலுக்கு நடுவில் பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி பூட்ஸ். என் மாமியார் வழியில் வந்த ஒரு மாமி, "யாரோடது இது, போலீஸ் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டாள். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், "என் மாட்டுப்பொண்ணோடது" என்றாள். நான் புதுப் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தேன். மன்னி வளையல் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். பாவாடை தரையைத் தொட்டது, வழக்கத்தைவிட நாலு விரற்கடை நீளமாக. உள்ளே மடித்திருந்த கரையை யாரோ தையல் பிரித்து இறக்கிவிட்டிருந்தார்கள். சிவப்பும் ஜரிகையும் சுற்றிலும் வெளியே தெரிந்தன. விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாகப் புதுக் கைத்தையல். அது அம்மாவின் தையல்.